குண்டு விழுந்த ஊர்களும் குழலின் அளவும்

ஆபத்துக் காலத்தை எண்ணி ஒரு மனிதன் துப்பாக்கி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள விரும்பினால், அவன் முன்னே முதலில் எழும் கேள்வி குழலின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான். கனத்த குண்டா, வேகமான குண்டா, தோட்டா எளிதில் கிடைக்குமா, அடுத்த வீட்டுக்காரனின் தோட்டா நம் குழலில் பொருந்துமா என்றெல்லாம் அமெரிக்கா போன்ற தேசங்களில் சாதாரணக் குடித்தனக்காரர்கள்கூட விவாதித்து, தத்தம் மனம்போல ஒரு முடிவுக்கு வருகிறார்கள். வடலூரிலும் சிதம்பரத்திலும் கடலூரிலும் வாழும் நமக்கு இந்த விவாதம் அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், தென்னார்க்காட்டின் இந்தக் கடற்கரையில் முந்நூறு வருஷங்களுக்கும் மேலாக இதே கேள்வி ஓயாமல் கேட்கப்பட்டு வந்திருப்பதும், அதற்கு விடை சொன்னவர்கள் ஒரு காலத்திலும் இந்த மண்ணின் குடிகளாக இருக்கவில்லை என்பதும் புலனாகும். குழலின் அளவைத் தீர்மானித்தவன் வேறு, அதன் பலனை அநுபவித்தவன் வேறு என்பதே இந்தப் பிராந்தியத்தின் கதை.

அக்கதையின் தொடக்கத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடலூரை அடுத்துக் குண்டு உப்பலவாடி என்றொரு கிராமம் இருக்கிறது. நகரத்திலேயே குண்டு சாலை என்றொரு சாலையும் இருக்கிறது. 1690ஆம் ஆண்டில் தேவனாம்பட்டணத்துக் கோட்டையிலிருந்து நாலா திசைகளிலும் சுடப்பட்ட பீரங்கிக் குண்டுகளைத்தான் இப்பெயர்கள் நினைவூட்டுகின்றன. அக்காலத்தில் செஞ்சிக் கோட்டையில் சிவாஜி மகாராஜாவின் இளைய குமாரரான ராஜாராம், ஔரங்கசீப்பின் சேனைக்கு அஞ்சித் தெற்கே வந்து அடைக்கலம் புகுந்திருந்தார். பாதுஷாவின் தளபதி சுல்பிகர்கான் படையெடுத்து வந்து செஞ்சியை வளைத்துக்கொள்ளும் தறுவாயில், ராஜாராமுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது பணம். சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கோ வேறு கவலை இருந்தது. பாதுஷாவோடு மூண்ட சண்டையில் அவர்கள் அண்மையில்தான் தோற்றுப் பணிந்திருந்தார்கள். சென்னைக் கோட்டைக்கு ஏதேனும் அபாயம் நேர்ந்தால் ஒதுங்குவதற்கு இரண்டாவது இடம் ஒன்று வேண்டுமென்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். இரு தரப்பாரின் அவசரமும் ஒன்றோடொன்று பொருந்தவே, கடலோரத்திலிருந்த தேவனாம்பட்டணத்துச் சிறு கோட்டை கம்பெனிக்குக் கிரயமாயிற்று. அதற்குப் புனித டேவிட் கோட்டை என்ற பெயரும் வந்தது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பிற்காலத்தில் அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலைக்குப் பெயர் கொடுத்தவர் இவரே.

அந்தக் கிரய சாசனத்தில் ஒரு விசேஷ ஷரத்து இருந்தது. கோட்டை மட்டுமல்லாமல், கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு தூரத்திலுள்ள நிலமும் ஊர்களும் கம்பெனியைச் சேரும் என்பதே அது. நாழிகைவழி, காதம், வேலி, காணி என்று நிலத்தை அளக்க ஆயிரம் வருஷத்து முறைகள் இருந்த நாட்டில், நிலத்தின் எல்லையை வெடிமருந்து அளந்தது. குண்டின் எட்டுத்தூரத்தைக் கொண்டு எல்லை குறிக்கும் வழக்கம் அந்த நூற்றாண்டில் வேறு தேசங்களிலும் இருந்ததுதான் என்றாலும், இவ்வளவு பெரிய நிலப்பரப்பும் இத்தனை ஊர்களும் அதன் மூலம் கைமாறிய சந்தர்ப்பம் நம் நாட்டில் அபூர்வம்.

இங்கேதான் குழலைத் தேர்ந்தெடுக்கும் பிரச்சினை முதன்முதலாக நம் கரையில் எழுந்தது. குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு பூமி கிடைக்குமென்றால், எந்தப் பீரங்கியைச் சுடுவது? அக்காலத்துப் பீரங்கிகளை விட்டத்தால் சொல்லாமல், அவை எறியும் இரும்புக் குண்டின் நிறையால் ஆறு ராத்தல், பன்னிரண்டு ராத்தல், பதினெட்டு ராத்தல், இருபத்துநாலு ராத்தல் என்றுதான் சொல்வார்கள். பதினெட்டு ராத்தல் பீரங்கியின் வாய் ஐந்தேகால் அங்குல விட்டத்துக்குச் சற்று மேலும், இருபத்துநாலு ராத்தல் பீரங்கியின் வாய் ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். வாய் பெரிதானால் குண்டு மதிலை உடைக்கும். ஆனால் தூரம் போவதற்கு வாயின் அகலத்தைக் காட்டிலும் குழலின் நீளமும், அது தாங்கக்கூடிய மருந்தின் அளவும், வாயை மேல்நோக்கி உயர்த்தும் கோணமுமே முக்கியமானவை. குறிபார்த்துச் சுடுகிறவன் சில நூறு கெஜத்துக்குள் தன் வேலையை முடித்துக்கொள்வான். நிலம் சேர்க்கச் சுடுகிறவனுக்குக் குறி தேவையில்லை. பாதிச் செங்குத்தாக வாயைத் தூக்கி, மருந்தைத் தாராளமாகக் கெட்டித்து, குண்டு எங்கே போய் விழுந்தாலும் சரியென்று விட்டுவிடலாம். கம்பெனியார் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். மிகுந்த தூரம் எறியக்கூடிய பீரங்கியையே பயன்படுத்த வேண்டுமென்றும், அதை நிரப்பிச் சுடுவதில் பீரங்கிக்காரன் தன் சாமர்த்தியம் முழுவதையும் காட்ட வேண்டுமென்றும் சென்னையிலிருந்து உத்தரவு போயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் குண்டுகள் சுடப்பட்டன. கடலூர்ப் பட்டணம் உட்பட, குண்டு விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் யாவும் அன்றே ஆங்கிலேயருக்குச் சொந்தமாயின. அவற்றைக் குண்டு கிராமங்கள் என்று ஜனங்கள் வழங்கி வந்தார்கள். வயலில் நின்ற உழவனுக்கு வானத்திலிருந்து இரும்பு வந்து விழுந்ததும், மாலைக்குள் அவனுடைய ராஜா மாறிப்போனதும் ஒரே நாளில் நடந்த காரியங்கள். அவனிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்டதற்கு அத்தாட்சி இல்லை.

வாங்கி ஐம்பத்தாறு வருஷங்கள் கழித்து, எந்த ஆபத்தை எண்ணி அந்தக் கோட்டையை வாங்கினார்களோ அந்த ஆபத்து மெய்யாகவே வந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தான். கம்பெனியின் தென்னிந்தியத் தலைமைப் பீடம் தேவனாம்பட்டணத்துக்கு மாறி, 1752 வரையில் அங்கேயே இருந்தது. குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் சுதேசி உடையில் சென்னையிலிருந்து தப்பி வந்து அடைந்ததும் இந்தக் கோட்டையைத்தான். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளே இதைப் பிடிக்கப் பலமுறை முயன்றான். அவற்றுள் 1748ஆம் ஆண்டு நடந்த முயற்சி பீரங்கிகளைப் பற்றிய ஓர் உபாயத்தினாலேயே முறியடிக்கப்பட்டது. மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ், கடலூர்ப் பட்டணத்தைக் காப்பது இனி இயலாது என்று ஊரறியச் சொல்லி, பட்டப்பகலில் அங்கிருந்த பீரங்கிகளையும் படையையும் தேவனாம்பட்டணத்துக்கு அப்புறப்படுத்தினார்; இருட்டியதும் அவை அத்தனையையும் ஓசையின்றித் திரும்பக் கொண்டுவந்து மதில்களில் ஏற்றிவிட்டார். கடலூர் காலியாயிற்று என்று வேவுகாரர்கள் சொன்னதை நம்பி நள்ளிரவில் ஏணியோடு வந்த பிரெஞ்சுப் படை, குண்டு மாரியைச் சந்தித்துப் புதுச்சேரிக்கு ஓடிற்று. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் உட்கார்ந்து நாள்தோறும் தினசரி எழுதிவந்த காலம் அது. பிரெஞ்சுக்காரரின் சந்தோஷங்களையும் சஞ்சலங்களையும் ஒரு தமிழர் கிட்ட நின்று பார்த்து எழுதிய அந்தப் பொக்கிஷம் நமக்கு வாய்த்தது பெரும் பாக்கியம்.

பத்து வருஷத்துக்குப் பின் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தான். 1758 ஏப்ரல் கடைசியில் புதுச்சேரியில் இறங்கியவுடனே தேவனாம்பட்டணத்தின் மேல் பாய வேண்டுமென்று துடித்த அந்தத் தளபதியிடம் கோட்டையை இடிக்கும் கனத்த பீரங்கிகள் இருந்தன. அவற்றை இழுக்க மாடுகள் இல்லை. இருபத்துநாலு ராத்தல் குண்டு எறியும் இரும்புப் பீரங்கி ஒன்று ஏறக்குறைய இரண்டரை டன் நிறையுள்ளது. பெண்ணையாற்றையும் மணற்பாட்டையும் கடந்து அதைக் கொண்டுசெல்வது எளிய காரியமன்று. லாலி, புதுச்சேரி நகரத்து ஜனங்களைச் சாதி பேதம் பாராமல் பிடித்து, சுமைகளைத் தூக்கும்படியும் வண்டிகளை இழுக்கும்படியும் நிர்ப்பந்தித்தான். கோட்டை ஜூன் 2ஆம் தேதி சரணடைந்தது. அதன் மதில்களை லாலி வெடிவைத்துத் தகர்த்தான். யுத்த சரித்திரத்தை எழுதிய ஐரோப்பியர்கள் இந்தக் கட்டாய வேலையை லாலியின் ராஜதந்திரக் குறைவு என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை. பீரங்கியின் அளவைத் தேர்ந்தெடுத்தவன் பிரான்ஸிலிருந்து வந்தவன். அதன் பாரத்தைத் தோளில் ஏற்றவர்கள் நெசவாளரும் வணிகரும் வேதியரும் கூலிக்காரரும். இன்னாருடைய பகையில் இன்னாருக்கு என்ன சம்பந்தம் என்பதை அறியாமலே சித்திரை வைகாசி வெயிலில் அவர்கள் நடந்தார்கள்.

சிதம்பரமும் தப்பவில்லை. நடராஜப் பெருமானுடைய ஆலயத்தின் மதில்கள், பதினெட்டாம் நூற்றாண்டுத் தளபதிகளின் கண்ணுக்கு ஆயத்தமான ஒரு கோட்டையாகவே தோன்றின. ஹைதர் அலியின் படை அதற்குள் இருந்தபோது, 1781 ஜூனில் ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் அதன்மேல் பாய்ந்து, ஊரைப் பிடித்தும் கோயிலைப் பிடிக்க இயலாமல் பின்வாங்கினார். ஆண்டவன் கூத்தாடும் தலத்தின் வாயிலில் மனிதர்கள் பீரங்கியை இழுத்து நிறுத்தி வைத்த அந்த ஆனி மாதத்தை நினைக்க நெஞ்சு கூசுகிறது. ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் நடந்த பெரும் போரில் ஹைதர் தோற்றார். அதற்கு இரண்டு வருஷங்களுக்குப் பின் கடலூரில் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரரும், ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலேயரும் பொருதிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டுவிட்டதென்ற செய்தி வந்து சண்டை நின்றது.

இந்தப் போர்களில் சிப்பாய் கையில் ஏந்திய துப்பாக்கியின் குழலளவும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலேயரின் பிரௌன் பெஸ் என்னும் துப்பாக்கிக்குக் குழல் விட்டம் முக்கால் அங்குலம். பிரெஞ்சுக்காரரின் துப்பாக்கிக்கு 0.69 அங்குலம். இதனால் பிரெஞ்சுக் குண்டைச் சற்றுத் தளர்வாக ஆங்கிலக் குழலில் இட்டுச் சுடலாம். ஆங்கிலக் குண்டு பிரெஞ்சுக் குழலில் நுழையாது. அகப்பட்ட எதிரியின் குண்டுகள் நமக்கு உதவுமா என்ற கேள்வி அன்றைய போர்க்களத்தில் வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. குழல்களின் உட்புறம் வழவழப்பாக இருந்தது. குண்டு குழலில் உரசித் தத்தி வெளியேறுமாகையால், நூறு கெஜத்துக்கு அப்பால் குறி என்பது தெய்வாதீனம். மருந்தின் வேகம் குறைவானபடியால் குண்டைக் கனமாக்கியே பலத்தைப் பெற வேண்டியிருந்தது. ஆகவேதான் குழல்கள் அவ்வளவு பருத்திருந்தன. விட்டத்தைக் குறிக்க, ஒரு ராத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டைகள் வார்த்தால் ஒன்று குழலில் சரியாகப் பொருந்துமோ அந்த எண்ணையே சொல்வதும் உண்டு. இன்றும் வேட்டைத் துப்பாக்கியைப் பன்னிரண்டு ‘போர்’ (bore) என்கிறோமே, அது ராத்தலுக்குப் பன்னிரண்டு உருண்டை என்ற அந்தப் பழைய கணக்குத்தான். அதன் விட்டம் 0.729 அங்குலம்.

1801இல் கர்நாடக நவாபின் ராஜ்யம் முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில், மருது சகோதரர்களின் கிளர்ச்சியை அடக்கிய சூட்டோடு, தென்சீமையில் பாளையக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று சென்னை கவர்னரான இரண்டாவது கிளைவ் பிரபு பிரகடனம் செய்தார். அதுவரையில் ஊர்க்காவலுக்குத் திரித் துப்பாக்கியும் வேலும் ஏந்தி நின்ற ஒரு பரம்பரை அதோடு முடிவுற்றது. குடிகளிடமிருந்து ஆயுதத்தைக் களைவதுதான் தன் பத்திரத்துக்கு வழி என்று ஆட்சி தெளிவாக எண்ணத் தொடங்கியது அப்போதுதான். 1857இல் வடக்கே நடந்தது அந்த எண்ணத்தை உறுதிப்படுத்திற்று. குழலுக்குள் சுருள்வரி வெட்டப்பட்ட, 0.577 அங்குல விட்டமுள்ள என்ஃபீல்டு துப்பாக்கியும், அதன் கொழுப்புத் தடவிய தோட்டாவும் அந்தப் பெருந்தீக்குப் பொறியாயின என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சங்கதி. அதற்குப் பின் நடந்ததை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனியாக ஒரு துப்பாக்கியைச் செய்வித்தார்கள். வெளித்தோற்றத்தில் அது என்ஃபீல்டேதான்; ஆனால் குழலை 0.656 அங்குலமாகக் குடைந்து, சுருள்வரியை நீக்கி, தூரம் பார்க்கும் குறிக்கருவியையும் எளிமையாக்கிவிட்டார்கள். வெள்ளைச் சோல்ஜரின் துப்பாக்கி 500 கெஜத்தில் ஆளை வீழ்த்தும். அவன் பக்கத்தில் நின்ற சிப்பாயின் துப்பாக்கி அவன் பாட்டன் காலத்துத் தூரத்துக்குத் திரும்பிப் போயிற்று. பயத்தினால் அளக்கப்பட்ட குழல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், இதையே சொல்வேன்.

அதே தலைமுறையில் வடலூரில் வேறொரு ஏற்பாடு நடந்தது. 1866ஆம் ஆண்டின் க்ஷாமம் ஒரிஸ்ஸாவையும் கஞ்சம் ஜில்லாவையும் சூறையாடி, சென்னை ராஜதானியிலும் தானிய விலையை ஏற்றிவிட்டிருந்தது. கருங்குழியில் தங்கியிருந்த இராமலிங்க சுவாமிகள், பார்வதிபுரம் என்னும் வடலூர் ஜனங்கள் மனமுவந்து அளித்த சுமார் எண்பது காணி நிலத்தில், 1867 மே 23ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்து வந்தவரிடம் சாதியும் சமயமும் ஊரும் விசாரியாமல் சோறிட வேண்டும் என்பது அதன் நியதி. அன்று மூட்டிய அடுப்பு இதுவரை அணையவில்லை என்று சாலையைச் சேர்ந்தவர்கள் சொல்கிறார்கள். சுற்றுக் கிராமத்தார் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுப்பது இன்றும் நடக்கிறது. தைப்பூசத்தின்போது மூட்டைகள் வண்டி வண்டியாக வருவதைக் கண்ணால் காணலாம். சுவாமிகளை ஞானியாகவும் அருட்கவியாகவும் போற்றுகிறோம். அதற்கு எள்ளளவும் குறைவில்லை. ஆயினும் நமது ஜில்லாவின் ஆபத்து இன்னதென்று சரியாகக் கண்டறிந்து, அதற்குத் தக்க முன்னேற்பாட்டைச் செய்தவர் என்ற வகையிலும் அவரைப் போற்றக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாகக் கோட்டைவாசிகள் எந்த எதிரியை எண்ணிக் குழலின் வாயை அளந்தார்களோ, அந்த எதிரி இந்த மண்ணின் குடிக்கு எதிரியல்லன். குடியை அடித்துக்கொண்டு போனவை பஞ்சமும் வெள்ளமும் கொள்ளைநோயும்.

பத்தே வருஷத்துக்குள் அது மெய்யாயிற்று. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பஞ்ச நிவாரண வேலைகளில் கல்லுடைத்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமே போதும் என்று சர்க்கார் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். 1877 ஜனவரி முதல் நாள் வைஸ்ராய் லிட்டன் பிரபு டில்லியில் விக்டோரியா மகாராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டித் தர்பார் நடத்தினார். மறு வருஷம், பஞ்சத்தின் பிணங்கள் புதைந்து மண் இறுகுமுன்பே, அதே லிட்டன் ஆயுதச் சட்டத்தை நிறைவேற்றினார். லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் ஒருவன் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாகாது. ஐரோப்பியருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. காங்கிரஸ் மகாசபை தன் ஆரம்ப ஆண்டுகளிலேயே அந்தச் சட்டத்தைத் தளர்த்தும்படி தீர்மானங்கள் செய்தது, பயன் விளையவில்லை. குடிகள் பசியால் மாய்ந்துகொண்டிருந்த காலத்தில் ஆட்சியின் கண்ணுக்கு அபாயமாகப் பட்டது பசியன்று, அந்தக் குடிகளின் பரண்மேல் கிடந்த துருப்பிடித்த துப்பாக்கி என்பதை எண்ணும்போது, சட்டங்களின் தேதிகளை மட்டும் மனப்பாடம் செய்யும் நம் சரித்திரப் படிப்பின் குறை நன்கு விளங்குகிறது.

புகையற்ற மருந்து வந்ததும் குழல்கள் சிறுத்தன. மார்ட்டினி ஹென்றியின் 0.450 அங்குலக் குண்டு போய், 1888இல் 0.303 வந்தது. விட்டம் குறைந்தது; வேகமும் தூரமும் பெருகின. இந்த அளவுகளை வேட்டைக்காரர்களும் கையாண்டபோது சர்க்காருக்கு ஒரு சந்தேகம் பிறந்தது. காட்டில் யானையைச் சுட விற்கும் தோட்டாவின் ஈயம் எல்லைப்புறத்துக் கிளர்ச்சிக்காரனின் கையிலுள்ள பழைய மார்ட்டினிக்கும் பொருந்துமே! ஆகவே இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே 0.450 அளவுத் துப்பாக்கிகள் இந்தியாவுக்கு வருவது தடுக்கப்பட்டது, பட்டாளத்து 0.303க்கும் அவ்வாறே. லண்டன் ஆயுதக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 0.465, 0.470, 0.475 என்று நூலிழை வித்தியாசத்தில் புதிய அளவுகளைப் படைத்து, இந்தியச் சந்தைக்கு அனுப்பின. உலகமெங்கும் வேட்டைக்காரர் இன்றும் மெச்சும் 0.470 அளவு, மிருகத்தின் தோல் கனத்தை நோக்கிப் பிறந்ததன்று. நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு விதிக்குத் தப்பப் பிறந்தது. சேலம் ஜில்லாக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் விரும்பிக் கையாண்டது அமெரிக்க 0.405 வின்செஸ்டர், அது எந்தப் பட்டாளத்து அளவுமன்று.

எளிய நிலையிலிருந்தவர்களுக்கு வந்து சேர்ந்தது 0.315. ஆஸ்திரியச் சேனையின் எட்டு மில்லிமீட்டர்த் தோட்டாவிலிருந்து பிறந்த இந்த அளவு, பிரிட்டிஷ் பட்டாளத்தில் வழங்காத காரணத்தாலேயே இந்தியப் பிரஜைக்கு அநுமதிக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின்னும் அந்த நியாயம் மாறவில்லை. வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலை, 0.303 துப்பாக்கியின் அதே அமைப்பில் 0.315 குழலைப் பொருத்திப் பொதுஜனங்களுக்கு விற்றது. நம் ராணுவம் 7.62 மில்லிமீட்டருக்கு மாறியபோது அதுவும் தடைசெய்யப்பட்ட அளவுகளில் சேர்ந்தது. பட்டாளத்துத் தோட்டா பிரஜையின் குழலில் நுழையக் கூடாது என்று பிரிட்டிஷ் காலத்து உத்தியோகஸ்தர்கள் கொண்ட கவலை, பெயரும் கொடியும் மாறியும் அப்படியே நிலைத்து நிற்கிறது. குடியரசில் அந்தக் கவலைக்கு நியாயம் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. ஆயுதம் மலிந்த தேசங்களின் கதியைக் கண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டின் பிறப்பை மட்டும் மறக்கலாகாது.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு, பயிர்க்காவலுக்கு மெய்யாகவே வேண்டுமென்று கேட்பவனுக்கு வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும், தற்காப்புக்கும் வேட்டைக்கும் இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழலுள்ள துப்பாக்கியையும் குறிப்பிட்டுச் சொல்கிறது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் அந்த நாட்டுத் துப்பாக்கியைச் சுடுவது எப்படியென்று நம் பக்கத்து முதியவர்கள் விவரிக்கக் கேட்க வேண்டும். துப்பாக்கியைக் காலுக்கிடையில் நிமிர்த்தி நிறுத்தி, அளவுக் குப்பியால் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருட்டி வாயில் வைத்து, கோலால் இடித்து இறுக்கி, அதன்மேல் ரவையைச் சொரிந்து, மறுபடியும் நாரை வைத்து இடித்து, கடைசியில் பின்புறத்துக் காதில் கேப்பைப் பொருத்திய பிறகே குறி பார்க்கலாம். ஐப்பசி மழையில் மருந்து நமுத்துவிட்டால் எல்லாம் வீண். இத்தனையும் செய்து முடிப்பதற்குள் பன்றி மணிலாக் கொல்லையைக் கிளறிவிட்டுப் போய்விடும். நரிக்குறவர்கள் கௌதாரிக்கும் கொக்குக்கும் வைத்திருந்ததும் இந்த வகைதான். 1972இன் வனவிலங்குச் சட்டம் அந்தத் தொழிலையே முடித்துவிட்டது. தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்கிறார்கள். 2019இல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டே வைத்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில் ஆபத்து தன் பழைய வழியிலேயே வந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் ஆழிப்பேரலை வந்து மோதிய இடங்களில் தேவனாம்பட்டணமும் ஒன்று. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. 2015இல் வெள்ளம் வந்தது. தானே புயல் அடித்த மறுநாள் பண்ருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் சாலைக்குக் குறுக்கே அடுக்கடுக்காக விழுந்து கிடந்தன. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. ரம்பமும் அரிவாளும் கயிறும் வைத்திருந்த ஊர் முதலில் வழியைத் திறந்துகொண்டது. அவை இல்லாத ஊர், குடிதண்ணீர் லாரியும் அரிசி வண்டியும் வரக் காத்திருந்தது. விழுந்த முந்திரிக்குப் பதிலாக நட்ட கன்றுகள் பலன் தரச் சில வருஷங்கள் ஆயின. பலாவுக்கு அதைவிட அதிக காலம் பிடித்தது.